தறிக்குழியில் ஈரம்

அன்பு மகன் ஆல்பினுக்கு, சேவூரிலிருந்து அப்பா சொல்லி எழுதுவது. மாதாவின் தயவால் நானும் உன் தங்கையும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். பூனாவில் மழையும் குளிரும் சேர்ந்து வரும் என்று சொன்னாய், உன்னைச் சளி காய்ச்சல் அண்டக்கூடாது என்று சாயங்கால ஜெபத்தில் உன் பெயரையும் சொல்லிவருகிறோம். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று நீயே கேலி செய்வாய், அதனால் நான் தறியில் உட்கார்ந்தபடி சொல்லச் சொல்ல ஜெசி பக்கத்தில் பாய் போட்டு எழுதுகிறாள். பத்தாவது பாதியில் நின்றவள் என்றாலும் பிழை இல்லாமல்தான் எழுதுகிறாள். மறுபடி பள்ளிக்கூடம் போயேன் என்றால் மட்டும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு தனக்கோடியின் மகனுக்கு சேத்துப்பட்டில் பெண் பார்த்து முடித்திருக்கிறார்கள், தை மாதம் கல்யாணம், உனக்கும் பத்திரிகை அனுப்புவதாகச் சொல்லச் சொன்னாள்.

நான் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை உன் பேராசிரியர் முழுசாகக் கேட்கிறார், நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புப்பா என்று சொல்லியிருந்தாய். அவருக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் அவருக்காக மட்டும் இல்லை. கடைசியாகப் பேசினபோது நீ ஒரு காரியம் செய்யச் சொன்னாய், நான் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் காரியத்தைச் செய்தால் உன் அம்மா இந்த வீட்டைவிட்டு முழுசாகப் போய்விடுவாள், செய்யாவிட்டால் உன் ஆராய்ச்சி அரைகுறையாக நிற்கும் என்கிறாய். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து எனக்கு நெய்யவும் ஓடவில்லை, இழை இழையாக அறுந்துகொண்டிருக்கிறது.

பேராசிரியருக்குப் புரிய ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். போன வருஷம் ஈஸ்டருக்கு நீ வந்தபோது பஞ்சு சுற்றின குச்சியும் மூடி போட்ட சின்னக் குழாய்களும் கொண்டுவந்தாய். கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர்க் குடம், என் தறிப் பலகை, அம்மா கால் விட்டு நெய்யும் தறிக்குழிக்குள் இருக்கிற மிதிக்கட்டை என்று வீடு பூராவும் தேய்த்து எடுத்தாய். எங்கள் கை, கால்களிலும் எடுத்தாய். ஒவ்வொரு மனுஷன் மேலும் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று குடியிருக்கிறது, நாம் தொடும் இடத்திலும் மிதிக்கும் இடத்திலும் அதை விட்டுவிட்டுப் போகிறோம், ஒரு வீட்டுக்குள் புதிதாக ஒருவர் வந்தால் இரண்டொரு நாளில் வீடு அவர் அடையாளத்தை வாங்கிக்கொள்ளும், அவர் போய்விட்டால் கொஞ்ச காலத்தில் அந்த அடையாளமும் செத்துப்போகும் என்று விளக்கினாய். அம்மாவின் உள்ளங்காலில் நீ குச்சியைத் தேய்த்தபோது அவள் காலை உதறிக்கொண்டு, “டேய், இன்னாடா நோண்டிகினு கீற, கூசுதுடா, அங்க இன்னா பவுனா பொதைச்சு வச்சிகினு கீறேன்” என்று சிரித்தாள். கூட்டம் குடியிருக்கிறது என்று நீ சொன்னதும், “அப்ப வாடகை குடுக்காம எத்தினி பேருடா என் மேல குந்திகினு கீறாங்க, எல்லாரையும் காலி பண்ணச் சொல்லு” என்றாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மார்வலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவள் தறியில் இருந்த புடவையை முதலாளி வந்து அறுத்து எடுத்துக்கொண்டு போனார். நெடுக்கே ஓடுகிற பாவு இழைகளின் மிச்சம் மட்டும் தறி அச்சில் அப்படியே நிற்கிறது. நான் அவள் தறி இருக்கிற அறையைச் சாத்தினவன்தான், அதற்குப் பிறகு பல மாதம் கதவைத் தாண்டி உள்ளே கால் வைக்கவில்லை.

இந்த வருஷம் ஜூன் வெயிலில் நீ மறுபடி ஒரு பெட்டி அனுப்பினாய். எல்லா இடத்திலும் எடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க யாருமே தொடாத இடம் ஒன்று வேண்டும், அம்மா அறை மூடியேதான் இருக்கிறது, அங்கே குழியில் மிதிக்கட்டையிலும் உட்காருகிற பலகையிலும் எடுங்கள் என்றாய். என்னால் ஆகாது என்று ஜெசியை அனுப்பினேன். நீ அனுப்பின கையுறையும் காலுக்கு மாட்டும் பிளாஸ்டிக் பையும் போட்டுக்கொண்டு, சொன்னது சொன்னபடி எடுத்து வந்தாள். நீ அவளிடம் போனில், அந்தத் தறியை யாராவது தொட்டீர்களா என்று கேட்டாய். இல்லை என்றாள். என்னைக் கேட்டாய், இல்லை என்றேன். இரண்டும் உண்மைதான்.

அப்புறம் நீ கூப்பிட்ட அன்றைக்கு நான் ஆரணியில் சாயப்பட்டு வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். உன் குரலே சரியில்லை. “அப்பா, வீட்ல எத்தினி பேர் இருக்கீங்க” என்று கேட்டாய். தெரியாதா உனக்கு, நானும் தங்கச்சியும்தான் என்றேன். “மூணு பேர் இருக்கிற மாதிரி வருதுப்பா” என்றாய். அம்மாவின் பாதத்தில் அன்று எடுத்ததும் இந்தக் குழியில் எடுத்ததும் ஒன்றாக இருக்கின்றன, செத்துக் காய்ந்துபோனதாக இருந்தால்கூடப் பரவாயில்லை, உயிரோடிருப்பதைத் தனியாகக் காட்டும் சோதனையும் செய்துவிட்டேன், எல்லாம் உயிரோடு இருக்கின்றன, இரண்டு மூன்று நாளைக்குள் யாரோ விட்டுப்போன மாதிரி இருக்கின்றன என்றாய். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். திறக்கத் தைரியம் இல்லை. கதவிடுக்கில் மூக்கை வைத்தால் உள்ளேயிருந்து ஈரமண் வாசனை வந்தது. நெய்கிறவனுக்கு அந்த வாசனை தெரியும். குழி காய்ந்தால் பட்டு இழை முறுக்கிக்கொண்டு அறும், அதனால் தினமும் குழியில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் தறியில் உட்காருவோம். ஆனால் அத்தனை மாதம் மூடிக்கிடந்த குழி, கத்திரி வெயிலும் தாண்டின குழி, வெடித்துப் பாளம் பாளமாக அல்லவா கிடக்க வேண்டும். தனக்கோடியிடம் சொல்லாமல் சொல்லிப் பார்த்தேன். அவள் சமையல்கட்டு ஜன்னல் நேராக அந்த அறையின் ஜன்னலைப் பார்த்துத்தானே இருக்கிறது. “இப்பத்தான் கேக்குறியாண்ணே, நீ காலைல டீக்கடைக்குப் போவசொல்ல மிதி சத்தம் கேக்குது. ரெண்டே ரெண்டு மிதி, அப்பால ஒண்ணும் இல்ல. கல்லறைல வச்சிட்டு வந்தும் மேரிக்கா போவலண்ணே. நீ நல்லா நெய்யற, வீட்டுக்குள்ள யாரு நடமாடறாங்கன்னு மட்டும் உனுக்குத் தெரியல” என்றாள். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தேன். ஜெசி என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணிடம் போய் என்ன கேட்பது, பயந்துவிடுவாளே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

பங்குச்சாமியாரைக் கூட்டிவந்து மந்திரித்தோம். அவரே உள்ளே போய்த் தீர்த்தம் தெளித்தார். அதற்கு நீ போனில், “ஐயோ அப்பா, தீர்த்தத்துல இருக்கிறதும் இப்ப குழியில கலந்திருக்கும், நான் எதை எதுலேந்து பிரிப்பேன்” என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கத்தினாய். பிறகு நீதான் சொன்னாய், குழியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுங்கள், பத்து நாள் மூடிவையுங்கள், மறுபடி எடுத்து அனுப்புங்கள், உண்மை தெரிந்துவிடும் என்று. உனக்கு அது ஒரு சோதனை. நான் வாளியோடு அந்த வாசற்படியில் நின்றபோது என்ன நினைத்தேன் தெரியுமா. கழுவின பிறகு ஒன்றும் வரவில்லை என்றால் அவளை நானே இரண்டாம் தடவை புதைத்தவன் ஆவேன். திரும்ப வந்தால், வந்தது யார். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டே குழிக்குள் பார்க்காமல் கண்ணை மூடியபடி வாரி வாரி ஊற்றினேன். துடைப்பத்தால் மிதிக்கட்டையைத் தேய்த்தேன். பலகையைத் தேய்த்தேன். வாடை அடுப்பங்கரை வரை நின்றது. நீ சொன்ன நாள் கழித்து ஜெசி மறுபடி பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு போய் எடுத்துவந்தாள். நீ பதில் சொன்ன அன்று என் கையில் ஊடு இழை ஓட்டுகிற நாடா இருந்தது, அதைக் கீழே வைத்துவிட்டேன். திரும்ப வந்துவிட்டாள் என்றாய். கொஞ்சமாக, ஆனால் அவளேதான் என்றாய்.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. உன்னிடம் கேட்காமல் கொத்தனார் சுப்பனைக் கூப்பிட்டுக் குழியை மணல் போட்டு மூடிச் சிமெண்டு பூசச் சொன்னேன். என் மேல் கோபப்படாதே, அந்தக் கதவைத் தாண்டித்தான் நான் தினமும் குளிக்கப் போக வேண்டியிருக்கிறது. அவன் திங்கட்கிழமை காலையில் வந்தான், டேப் எடுத்துக்கொண்டு அளக்கக் குழியில் இறங்கினான், இறங்கின வேகத்தில் ஏறினான். “நாயகம் அண்ணே, குழி ஈரமா கீது. காலடி கீது, அதும் பொம்பளக் காலடி. நான் சிமெண்டு போட்டா அது எங்கண்ணே போவும், என் கூடத்தான் வூட்டுக்கு வரும்” என்று சொல்லிவிட்டு டேப்பைக்கூட எடுக்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான். டேப் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அவன் போனபிறகு எனக்கு என்ன தோன்றியதோ, செத்தாலும் சாகிறேன் என்று உள்ளே போனேன். ஜன்னல் வெளிச்சம் குழிக்குள் சாய்வாக விழுந்திருந்தது. களிமண்ணில் தெளிவாக இரண்டு பாதம். பெருவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும், அது உன் அம்மா கால். கல்யாணத்தன்று மெட்டி போட்டது நான்தானே, எனக்குத் தெரியாதா. மிதிக்கட்டை இரண்டும் நனைந்து கறுத்திருந்தன. அப்போது பின்னால் யாரோ வருகிற மாதிரி இருந்தது. வெறுங்கால். மெதுவாக வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றது. நான் திரும்பவில்லை, திரும்பத் தைரியம் இல்லை. மாதாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். “நவுருப்பா, தண்ணி தெளிக்கணும்” என்று கேட்டது. ஜெசி சொம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

இதை எழுதும்போது இவள் கை நிற்கிறது. எழுதும்மா, உன்னை ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னேன். தினமுமா தெளிக்கிறாய் என்று கேட்டேன். “பின்ன, காய உடக்கூடாதுன்னு அம்மா சொல்லிச்சே” என்றாள். சின்ன வயதிலிருந்து அந்தக் குழிக்குத் தண்ணீர் தெளிப்பது இவள் வேலை, அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அம்மா போனபிறகு அந்த வேலையை விட்டுவிடு என்று இவளிடம் யாரும் சொல்லவில்லை. நான் டீ குடிக்கப் போகிற நேரத்தில் போய்த் தெளித்துவிட்டு வந்திருக்கிறாள். நீ பிளீச்சிங் போடச் சொன்ன பிறகும் தெளித்திருக்கிறாள், சாமியார் தீர்த்தம் தெளித்த மறுநாளும் தெளித்திருக்கிறாள். பிறகு ஏன் அண்ணனிடம் தொடவில்லை என்று சொன்னாய் என்றேன். “தொடலையே. தண்ணி தான தெளிச்சேன். மிதிக்கட்டைக் கயிறு விறைச்சுப் பூடும்னு ரெண்டு மிதி மிதிச்சு உட்டேன். தறியத் தொட்டேனா” என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். யோசித்துப் பார்த்தால் என்னைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். தறியைத் தொடுவது என்றால் எங்களுக்கு உட்கார்ந்து நெய்வதுதான். தண்ணீர் தெளிப்பதைத் தொடுவது என்று இந்தத் தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள். பிளாஸ்டிக் பையைக் குச்சி எடுக்கிற அன்றைக்கு மட்டும் மாட்டியிருக்கிறாள், மற்ற நாளெல்லாம் வெறுங்கால். அதுதான் அண்ணன் சொல்லவில்லையே என்கிறாள். இதை உன் பேராசிரியருக்கு நன்றாகச் சொல்லு, பெண் பொய் சொல்லவில்லை.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன், நீ முதலில் சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அப்புறம்தான் நீ நிறுத்திவிட்டு, “ஆனா அப்பா, அது ஜெசியோடது இல்ல, அம்மாவோடதுதான” என்றாய். இவள் காலில் என்ன போட்டுக்கொண்டு நடக்கிறாள் என்று கேட்டாய். அம்மாவைக் கல்லறைக்குக் கொண்டுபோன அன்று இவள் செருப்பின் வார் அறுந்துபோய், வாசலில் கிடந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள், அன்றிலிருந்து அதைத்தான் போடுகிறாள், உள்ளே அம்மா பாதம் அழுந்தின பள்ளம் அப்படியே இருக்கிறது. நீ சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். அந்தச் செருப்பில் உயிரோடு இருந்த கூட்டம் சூடு ஆறுவதற்குள் இவள் பாதத்துக்கு மாறியிருக்கிறது. பெற்ற பெண்ணின் கால், அதே வீட்டுத் தரை, அதற்குப் பழகின இடம் மாதிரி இருந்திருக்கிறது, பிடித்துக்கொண்டு பெருகியிருக்கிறது. இவள் தினமும் இறங்கி, ஈரமண்ணில் விதை தெளிக்கிற மாதிரி அதைத் தெளித்துவிட்டு வந்திருக்கிறாள். அதற்கு மேல்தான் நீ அந்தக் காரியத்தைச் சொன்னாய். அந்தச் செருப்பை எரித்துவிடுங்கள், நான் அனுப்புகிற மருந்தில் ஜெசி பத்து நாள் காலைக் கழுவட்டும், குழியைத் திரும்ப பிளீச்சிங் போடுங்கள், அதன்பிறகு ஒன்றும் வரவில்லை என்றால் எல்லாம் அவள் காலிலிருந்து வந்ததுதான் என்று நிரூபணம் ஆகிவிடும் என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீ கழுவட்டும் என்று சொன்னதும் ஜெசி உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு பாதத்தையும் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் சிக்னல் இல்லை என்று வைத்தேன்.

ஆல்பின், நிரூபணம் உனக்கு வேண்டும், எனக்கு வேண்டாம். படித்த பிள்ளை சொல்கிறான் என்று இதுவரை நீ சொன்னதை எல்லாம் செய்தேன், இது மட்டும் ஆகாது. செருப்பை எரிக்கமாட்டேன், இவள் காலில் மருந்து படாது, குழியைத் தூர்க்கவும் மாட்டேன், சுப்பன் டேப் எடுக்க வரும்போது சொல்லிவிடுவேன். உன் ஆராய்ச்சிக்காக ஒன்று செய்திருக்கிறேன், இவள் இரண்டு உள்ளங்காலிலும் நானே கையுறை போட்டுக்கொண்டு குச்சியால் தேய்த்துக் குழாயில் போட்டு இதோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். இவளுக்கும் பெருவிரலைவிட அடுத்த விரல்தான் நீளம், அம்மாவைப் போலவே கூசுது என்று உதறினாள். நான் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியில் போய் நின்றுவிட்டு வந்தேன். இதை வைத்து உன்னால் முடிந்த மட்டும் எழுது, போதாது என்றால் போதாது என்றே எழுது. பலகையில் எடுத்ததும் அம்மாவுடையதுதான், அது எப்படி என்று நீ கேட்டிருந்தாய். பலகையில் உட்காருவாயா என்று இவளைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். நான் மேலே கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். முன்னே அந்த அறையை மட்டும் பார்த்துப் பயந்தேன், இப்போது வீடு பூராவும் அப்படித்தான் இருக்கிறது. இவள் குளித்துவிட்டு ஈரக்காலோடு சமையல்கட்டுக்குப் போனால் சிவப்புத் தரையில் தடம் விழுகிறது, அது காய்கிற வரை நான் மிதிக்காமல் தாண்டித்தான் நடக்கிறேன். ஆனாலும் அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். அடுத்த பாவு வந்ததும் அந்தத் தறியில் பிணைத்து இவளை உட்கார வைக்கலாம் என்றிருக்கிறேன், சொன்னதும் முகம் மாறிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குத் தலையை ஆட்டினவள் இதற்கு ஆட்டவில்லை.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டேன், உன் பெயரிலும் மெழுகுவர்த்தி கொளுத்துவோம். நீ வேலை செய்கிற கூடத்திலேயே டிபன் பாக்ஸைத் திறக்காதே, எத்தனை பேருடைய எதையெல்லாம் அங்கே வைத்திருக்கிறீர்களோ. ராத்திரி சோற்றுக்குப் பதிலாக பிஸ்கட் தின்று படுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், வேண்டாம். ஜெசிக்கு கிறிஸ்துமஸுக்கு ஒன்றும் வாங்கிவர வேண்டாம் என்கிறாள், செருப்பு மட்டும் வாங்காதே, மற்றது உன் இஷ்டம். மாதா உன் கூடவே இருந்து உன் படிப்பையும் உடம்பையும் காக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும்.

கடைசியாக ஒன்று, மறக்காதே. போன வருஷம் நீ ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் அம்மாவின் சவப்பெட்டியை மூடவேண்டியதாகிவிட்டது, எல்லாரும் அவள் காலில் முத்தம் கொடுத்தோம், உனக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தடவை வந்ததும் பையை வாசலில் வை, ஷூவையும் சாக்ஸையும் அங்கேயே கழற்று, கையுறை, பிளாஸ்டிக் பை ஒன்றும் வேண்டாம். வெறுங்காலோடு நேராக உள்ளே போய் அந்தக் குழியில் இறங்கிக் கொஞ்ச நேரம் நில்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
பெரியநாயகம்

எழுதியது: ஜெசி